பழைய கணப்புக்குள் புதிய விறகு அடுப்பு... முதலில் பார்க்கவேண்டியது அடுப்பையா, புகைபோக்கியையா?

ஆங்கிலப் படங்களில் பார்த்திருப்பீர்கள்.

வெளியே பனி. உள்ளே சுவரில் ஒரு குழி. அதில் விறகு எரிகிறது. பக்கத்தில் சாய்வு நாற்காலி, கையில் சூடான கோப்பை.

கேமரன் மலைக்குப் போனவர்கள் அங்குள்ள ஆங்கில பாணி ஹோட்டல்களில் நேரிலும் பார்த்திருக்கலாம். சுவரில் பதித்த அந்தக் குளிர்காயும் இடத்துக்குத் தமிழில் கணப்பு என்று பெயர்.

"ஏர்கான் இல்லாம தூங்க முடியாத ஊர்ல இருக்கிற நமக்கு இது எதுக்கு?"

நியாயமான கேள்விதான். ஆனால் நம்மில் பலர் படிக்கவும் வேலை பார்க்கவும் இங்கிலாந்து செல்கிறோம். லீட்ஸ், ஷெஃபீல்ட், மான்செஸ்டர் போன்ற நகரங்களில் விக்டோரியா காலத்து வரிசை வீடுகள் வாடகைக்குக் கிடைக்கும். அவற்றின் வரவேற்பறையில் கணப்பு இருக்கும். சில வீடுகளில் அந்தக் கணப்புக்குள் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் இரும்புப் பெட்டியும் இருக்கும்.

அந்தப் பெட்டி என்ன? அதை எப்படிப் பொருத்துகிறார்கள்? தவறாகப் பொருத்தினால் என்ன ஆகும்? இங்கிலாந்தின் நிலவரத்தை வைத்துப் பார்ப்போம்.

அது என்ன இரும்புப் பெட்டி?

ஆங்கிலத்தில் இன்சர்ட் அல்லது இன்செட் ஸ்டவ் என்பார்கள். நாம் செருகு அடுப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். ஏற்கனவே இருக்கும் கணப்புக் குழிக்குள் செருகிவைக்கும் மூடிய விறகு அடுப்பு. முன்பக்கம் மட்டும்தான் வெளியே தெரியும்.

இந்த யோசனை புதிதல்ல. கணப்பின் வெப்பம் வீணாவதைப் பார்த்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், 1740களிலேயே அமெரிக்காவில் இரும்பாலான ஓர் அடுப்பை வடிவமைத்தார். அதில் நெருப்பு நன்றாக இருந்தது. புகைதான் சரியாக வெளியேறவில்லை. பிறகு மற்றவர்கள் அதைத் திருத்தி அமைத்தார்கள்.

கிட்டத்தட்ட 280 ஆண்டு கழித்தும் பாடம் அதேதான்: அடுப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் புகை போகும் வழி சரியில்லை என்றால் எல்லாம் வீண்.

திறந்த கணப்பில் என்ன பிரச்சினை?

அழகுக்குக் குறைவில்லை. வெப்பத்துக்குத்தான் குறை.

சூடான காற்று லேசானது. அது புகைபோக்கி வழியே மேலே ஏறும். ஏறும்போது அறையில் இருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்ப, கதவு இடுக்கிலும் ஜன்னல் இடுக்கிலும் வெளியே உள்ள குளிர்காற்று உள்ளே வரும்.

அதனால்தான் கணப்புக்கு முன்னால் உட்கார்ந்தால் முகம் சுடும், முதுகு குளிரும். நெருப்பு தரும் வெப்பத்தில் பெரும்பகுதி கூரைக்கு மேலே போய்விடுகிறது.

செருகு அடுப்பு இதை மூன்று வழிகளில் மாற்றுகிறது.

- கதவு மூடியிருப்பதால் எவ்வளவு காற்று உள்ளே போகவேண்டும் என்பதை நீங்கள் கட்டுப்படுத்தலாம்.

- உள்ளே போகும் காற்றில் ஒரு பகுதி மேலிருந்து சூடாக இறங்கும். அது கண்ணாடியைக் கரி படியாமல் வைத்திருக்கும். புகையில் மிச்சமிருக்கும் வாயுக்களையும் எரிக்கும். புகை என்பது எரியாத எரிபொருள்தானே!

- பல அடுப்புகளில் பெட்டியைச் சுற்றி இன்னோர் உறை இருக்கும். அறையின் குளிர்காற்று கீழே நுழைந்து, சூடாகி, மேலே வெளியே வரும். அடுப்பு சுவருக்குள் புதைந்திருப்பதால் இந்த ஏற்பாடு முக்கியம். இல்லையென்றால் வெப்பம் செங்கல்லைத்தான் சூடாக்கும்.

2022 ஜனவரி 1 முதல் பிரிட்டனில் விற்பனைக்கு வரும் புதிய விறகு அடுப்புகள் ஈக்கோடிசைன் தரத்தைப் பின்பற்றவேண்டும். மூடிய அடுப்புகளுக்குக் குறைந்தபட்ச செயல்திறன் 65 விழுக்காடு. திறந்த முகப்பு உள்ளவற்றுக்கு அந்த வரம்பே 30 விழுக்காடுதான். வித்தியாசம் புரிகிறதா?

அப்படியானால் வாங்கிச் செருகிவிட வேண்டியதுதானே?

இங்குதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

பழைய புகைபோக்கிகள் திறந்த நெருப்புக்காகக் கட்டப்பட்டவை. உள்ளே ஏறக்குறைய 225 மில்லிமீட்டர் சதுரமான பாதை இருப்பது சாதாரணம். அறைக் காற்றும் புகையும் சேர்ந்து குபுகுபுவெனப் போக அந்த அகலம் தேவைப்பட்டது.

மூடிய அடுப்பு அப்படியில்லை. அதிலிருந்து வரும் வாயுவின் அளவு குறைவு. அவ்வளவு பெரிய பாதையில் அது மெதுவாக ஏறும். ஏற ஏறக் குளிர்ந்துவிடும். குளிர்ந்தால் இரண்டு தொல்லை.

ஒன்று, இழுவை குறையும். புகை அறைக்குள்ளேயே திரும்ப வரலாம்.

இரண்டு, வாயுவில் உள்ள தாரும் ஈரமும் செங்கல்லில் படியும். நாளாக ஆக அது கெட்டியான கரும்படலமாக மாறும். அது எரியக்கூடியது. ஒருநாள் பொறி பட்டால் புகைபோக்கியே தீப்பற்றிக்கொள்ளும்.

இன்னொன்றும் உண்டு. நூறு ஆண்டு பழைய புகைபோக்கியில் செங்கற்களுக்கு இடையே உள்ள சாந்து உதிர்ந்திருக்கலாம். அந்தப் புகைபோக்கி பெரும்பாலும் மாடியில் இருக்கும் படுக்கையறைச் சுவர் வழியாகத்தான் போகும். கீழே ஒருவர் குளிர்காயும்போது, மேலே தூங்குபவரின் அறைக்குள் வாயு கசியலாம்.

கசிவது புகையாக இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். கார்பன் மோனாக்சைடாக இருந்தால்? அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை.

அது ஏன் அவ்வளவு ஆபத்து?

நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். கார்பன் மோனாக்சைடு அதனுடன் ஒட்டிக்கொள்ளும் நாட்டம் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகம். ஆக்சிஜன் உட்காரவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது.

முதலில் தலைவலி. பிறகு தலைசுற்றல், குமட்டல், அசதி. "சளிக்காய்ச்சல் வரப் போகுது போல" என்று நினைத்துப் படுத்துவிடுவோம். படுத்தவர் எழாமலே போகக்கூடும்.

எப்படி வேறுபடுத்துவது?

- பொதுவாகக் காய்ச்சல் இருக்காது.
- வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் அதே நேரத்தில் அதே அறிகுறிகள் இருக்கும்.
- வெளியே போனால் சரியாகும், வீட்டுக்குத் திரும்பினால் மீண்டும் வரும்.

அப்படி இருந்தால் யோசிக்காதீர்கள். உடனே எல்லாரும் வெளியே வாருங்கள். வெளியே நின்றபடி 999ஐ அழையுங்கள். நெருப்பை அணைக்கவோ பொருள்களை எடுக்கவோ மீண்டும் உள்ளே போகவேண்டாம்.

சரி, முறையாக எப்படிப் பொருத்துவார்கள்?

1. சுத்தம், சோதனை

முதலில் வருபவர் அடுப்புக்காரர் அல்ல, புகைபோக்கி சுத்தம் செய்பவர். கரியைத் துடைத்து எடுத்தபின் உள்ளே கேமரா விட்டுப் பார்க்கலாம். விரிசல் இருக்கிறதா, அடைப்பு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இங்கிலாந்தில் ஜாக்டா என்ற காக்கை இனப் பறவை புகைபோக்கிக்குள் சுள்ளிகளைப் போட்டுக் கூடு கட்டும். பயன்படுத்தாத புகைபோக்கி முழுவதும் சுள்ளியால் அடைபட்டிருக்கலாம்.

2. அளவெடுப்பு

இங்கிலாந்து வீடுகளின் வழக்கமான கணப்புக் குழி 16 அங்குல அகலமும் 22 அங்குல உயரமும் கொண்டது. பல செருகு அடுப்புகள் அந்த அளவுக்கே தயாராகின்றன. சில அடுப்புகளுக்குப் பின்சுவர்க் கற்களைப் பெயர்த்து எடுக்கவேண்டியிருக்கும்.

அடுப்பின் ஆற்றலையும் கணக்கிடவேண்டும். தோராயக் கணக்கு: ஒவ்வொரு 14 கன மீட்டருக்கும் 1 கிலோவாட். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரமுள்ள அறை என்றால் 48 கன மீட்டர். சுமார் 3.5 கிலோவாட் போதும்.

"பெருசா ஒண்ணு வாங்கிப் போட்டுட்டா நல்லா சூடா இருக்குமே?" இருக்காது. சூடு தாங்காமல் காற்றைக் குறைப்பீர்கள். நெருப்பு மூச்சுத் திணறிப் புகையும். கரி படியும். சிறிய அடுப்பு நன்றாக எரிவதுதான் மேல்.

3. தரைக்கல்

அடுப்புக்கு அடியிலும் முன்னாலும் தீப்பற்றாத கல் வேண்டும். அடுப்பு அந்தக் கல்லை 100 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்காது என்றால் 12 மில்லிமீட்டர் தடிமன் போதும். இல்லையென்றால் குறைந்தது 125 மில்லிமீட்டர் தடிமனுள்ள கட்டுமானத் தளம் தேவை. கதவைத் திறந்தால் கங்கு வெளியே விழலாம், அது கம்பளத்தில் விழக்கூடாது. அதற்குத்தான் முன்னால் கல்லை நீட்டிவைக்கிறார்கள்.

4. லைனர்

இதுதான் வேலையின் உயிர்நாடி.

புகைபோக்கிக்கு உள்ளே துருப்பிடிக்காத எஃகால் ஆன வளையும் குழாய் ஒன்றை இறக்குவார்கள். ஒருவர் கூரைமேல் நின்று மேலிருந்து உள்ளே விடுவார். இன்னொருவர் கீழே கயிற்றைப் பிடித்து இழுப்பார். குழாயில் அம்புக்குறி போட்டிருக்கும். தலைகீழாக இறக்கினால் தவறு.

வழக்கமான விட்டம் 150 மில்லிமீட்டர். புகை குறைந்த அடுப்பு எனச் சான்று பெற்றவற்றுக்கு 125 மில்லிமீட்டர் போதும். 150 மில்லிமீட்டர் குழாயின் பரப்பு, 225 மில்லிமீட்டர் சதுரப் பாதையின் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பாதை குறுகினால் வாயு வேகமாக, சூடு குறையாமல் மேலே போகும். சந்து பொந்துகளில் கசியவும் வழியிருக்காது.

எல்லாப் புகைபோக்கிக்கும் லைனர் கட்டாயம் என்று விதி சொல்லவில்லை. பாதை ஓட்டையில்லாமல் சரியான அளவில் இருக்கவேண்டும் என்றுதான் சொல்கிறது. பழைய வீட்டில் அதற்கு நம்பகமான வழி லைனர்தான்.

5. இணைப்பு

தனியே நிற்கும் அடுப்பென்றால் பின்னால் கைவிட்டு வேலை பார்க்கலாம். செருகு அடுப்பில் முடியாது. குழிக்குள் தள்ளியபின், பல அடுப்புகளில் உள்பக்கத் தகடுகளைக் கழற்றி, அடுப்புக்கு உள்ளிருந்தே மேலே கைவிட்டுக் குழாயை இணைக்கவேண்டும். அங்கே இடைவெளி விட்டால் வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. அனுபவம் இல்லாதவர்கள் தவறு செய்யக்கூடிய இடம் இது. பிறகு குழாயைச் சுற்றியும் அடுப்பின் சட்டத்தைச் சுற்றியும் உள்ள இடைவெளிகளை அடைப்பார்கள்.

6. காற்று

நெருப்புக்கும் மூச்சு வேண்டும். அடுப்பு 5 கிலோவாட்டுக்கு மேல் என்றால் வெளிக்காற்று வர சுவரில் நிரந்தரத் துவாரம் வைக்கவேண்டும். காற்றுப் புகாதபடி கட்டிய புதிய வீடுகளில் அதைவிடச் சிறிய அடுப்புக்கும் அது தேவை. "குளிருது" என்று அந்தத் துவாரத்தைத் துணியால் அடைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

7. எச்சரிக்கைக் கருவி

புதிய அடுப்பு பொருத்தினால் அதே அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம். அடுப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தூரத்தில் இருக்கவேண்டும். கூரையில் என்றால் சுவரிலிருந்து குறைந்தது 300 மில்லிமீட்டர் தள்ளி வைப்பார்கள்.

8. புகைச் சோதனை, சான்றிதழ்

கடைசியில் புகை உண்டாக்கி எங்காவது கசிகிறதா என்று பார்ப்பார்கள். ஹீட்டாஸ் போன்ற அங்கீகாரத் திட்டத்தில் பதிந்த ஊழியர் என்றால் அவரே சான்றளிக்கலாம். மற்றவர் செய்தால் உள்ளூர் மன்றத்தின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு முன்கூட்டியே தெரிவித்து ஒப்புதல் பெறவேண்டும்.

சொந்தமாகச் செய்வது சட்டப்படி குற்றமில்லை. ஆனால் யாருக்கும் சொல்லாமல் செய்வது விதிமீறல். பின்னாளில் வீட்டை விற்கும்போதும் காப்புறுதி கேட்கும்போதும் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள்.

முதல் நாளே கொழுந்துவிட்டு எரிக்கலாமா?

வேண்டாம். முதல் சில தடவை சிறு நெருப்பு போதும். புதுச் சாயம் சூட்டில் இறுகும்போது வாடை வரும். ஜன்னலைத் திறந்துவையுங்கள். புதிதாகப் பூசிய சாந்தும் மெல்லக் காயவேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விடும்.

எந்த விறகு?

காய்ந்த விறகு. அவ்வளவுதான்.

புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதிவரை தண்ணீராக இருக்கலாம். அதை எரித்தால் வெப்பத்தின் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். நெருப்பு குளிரும், புகை பெருகும். நம் பாட்டிமார்கள் ஈர விறகை ஊதி ஊதிக் கண்கலங்கிய கதைதான்.

இங்கிலாந்தில் 2021 மே 1 முதல், 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கப்படும் விறகில் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. பையில் அதற்கான முத்திரை இருக்கும். சாயம் பூசிய பலகை, மருந்தடித்த மரம் ஆகியவற்றை எரிக்கக்கூடாது. நச்சுப் புகை வரும்.

அடுப்பு புதிதாக இருந்தாலும் புகைபோக்கியை ஆண்டுக்கு ஒருமுறையாவது சுத்தம் செய்யவேண்டும். அடிக்கடி எரித்தால் இருமுறை.

காற்றுத் தூய்மை என்ன ஆவது?

புகைமூட்டக் காலத்தில் நாம் கைப்பேசியில் பிஎம்2.5 அளவைப் பார்ப்போம் அல்லவா? அதே நுண்துகள்தான் விறகுப் புகையிலும் இருக்கிறது. பிரிட்டனில் அந்தத் துகள்களை வெளியேற்றும் முக்கிய மூலங்களில் வீடுகளில் எரிக்கும் விறகும் ஒன்று.

அந்த நாட்டுக்கு இதில் கசப்பான அனுபவம் உண்டு. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை நிலக்கரிப் புகையும் மூடுபனியும் கலந்து லண்டனை மூடின. சுமார் 4,000 பேர் மாண்டதாக அப்போது கணக்கிடப்பட்டது. பிந்திய ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. அதன் விளைவாக 1956ல் தூய காற்றுச் சட்டம் வந்தது.

இன்றும் பல நகரங்களில் புகைக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள் உள்ளன. அங்கே விறகு எரிக்க, அனுமதிக்கப்பட்ட அடுப்பு வேண்டும். புகைபோக்கியிலிருந்து அளவுக்கு மீறிப் புகை வந்தால் இங்கிலாந்தில் 300 பவுண்ட் வரை அபராதம்.

புதிய அடுப்பு, திறந்த கணப்பைவிடத் துகளைக் குறைக்கும். ஆனால் இல்லாமல் செய்துவிடாது. வேறு வெப்பமூட்டி இருக்கும் வீட்டில், அதுவும் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால், விறகு அவசியமா என்று யோசிப்பது நல்லது.

வாடகைக்குப் போகிறேன். நான் என்ன கேட்கவேண்டும்?

அடுப்பு பொருத்துவது உங்கள் வேலையல்ல. ஆனால் அந்த அறையில் தூங்கப் போவது நீங்கள். கையெழுத்துப் போடும் முன் நான்கு கேள்வி கேளுங்கள்.

- இந்த அடுப்பைப் பொருத்தியது யார்? சான்றிதழ் இருக்கிறதா?

- புகைபோக்கியைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள்? ரசீதைக் காட்ட முடியுமா?

- எச்சரிக்கைக் கருவி எங்கே? 2022 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில், விறகு அடுப்பு போன்ற நிலையான எரிப்புக் கருவி உள்ள வசிப்பறையில் இதை வைப்பது வீட்டு உரிமையாளரின் கடமை. கேஸ் சமையல் அடுப்புக்கு மட்டும் விதிவிலக்கு. மீறினால் 5,000 பவுண்ட் வரை அபராதம். குடிபோகும் நாளிலேயே அதன் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

- அடுப்பைப் பயன்படுத்தலாமா, அல்லது அது அலங்காரத்துக்கு மட்டுமா? பல வீடுகளில் புகைபோக்கியின் மேல்வாயை மூடியிருப்பார்கள். தெரியாமல் பற்றவைத்தால் அத்தனை புகையும் அறைக்குள்தான்.

"கேட்டா தப்பா நினைப்பாங்களோ" என்ற தயக்கம் வேண்டாம். அங்கே இவை சாதாரணக் கேள்விகள். பதில் சொல்லத் தடுமாறும் உரிமையாளர் என்றால், அதுவே உங்களுக்கு ஒரு பதில்.

திருப்தியான பதில் கிடைக்கும்வரை அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். குளிருக்குக் கூடுதலாக ஒரு கம்பளி போதும்.

எல்லாம் சரியாக இருந்தால்? நன்கு காய்ந்த விறகாக நான்கு கட்டை வாங்கிப் போடுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் நெருப்பு எரியட்டும். அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டுங்கள். காட்டும்போது எச்சரிக்கைக் கருவியையும் சேர்த்துக் காட்டிவிடுங்கள். அவர் நிம்மதியாகத் தூங்குவார்.